ஓட்டுத்தையல் போட்ட ஏழு புத்தகங்கள்

தையற்காரிக்கு மாமியாரோடு சண்டையே கிடையாது. இருந்த ஒரே வழக்கு வேதத்தில்தான். பிறந்த வீட்டுப் புராட்டஸ்டண்ட் சபையில் வேதத்துக்கு, அதாவது பைபிளுக்கு, புத்தகம் அறுபத்தாறு. புகுந்த வீட்டுக் கத்தோலிக்கக் கோயிலில் எழுபத்துமூன்று. அந்த ஏழும் மனுஷர் சேர்த்தவை என்று, போதகராயிருந்த அப்பா மேசையைத் தட்டிச் சொல்லி வளர்த்திருந்தார்.

"ஏழு பேரை வெளியே நிறுத்திட்டு உங்கப்பா கதவைச் சாத்திட்டாரு" என்று மாமியார் சிரிப்பாள். எது வேதம் என்று சொல்லத் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு என்பாள் அவள். வேதந்தான் சபைக்கே அதிகாரி என்பாள் இவள். தேநீர் ஆறுமுன் வழக்கு முடிந்துவிடும்.

மாமியாருக்குப் பார்வை போனபின், காலைதோறும் அவளுடைய வேதத்தை மருமகள்தான் வாசித்துக் காட்டினாள். வரிசையாக வந்து அந்த ஏழில் நின்றபோது நாக்கு எழவில்லை. அப்பா கண்மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தவறியும் கை பிரித்துவிடக் கூடாதென்று, பத்துப் பத்துத் தாளாகச் சேர்த்து ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டுவிட்டாள்.

நாலு நாளில் மாமியார் கேட்டாள். குருட்டு அப்பனின் கதை எங்கே? மகன் பயணம் போவான், கூடவே நாய் போகும், மீனின் பித்தத்தைப் பூசினதும் அப்பனுக்குக் கண் திறக்குமே.

"இதுல அப்படி ஒண்ணும் இல்ல அத்தை. வேற எங்கயோ கேட்டிருப்பீங்க."

கண் தெரியாதவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கெட்டிக்காரத்தனம் வேண்டியதில்லை, பாருங்கள்.

மாமியார் மறுபடி கேட்கவில்லை. பேச்சும் குறைந்தது. மூன்றாம் வாரம், சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவளை மெல்லக் கூப்பிட்டாள்.

"ஜெபக்கூட்டத்துல இனிமே நான் கதை சொல்லலன்னு ஃபாதர்கிட்ட சொல்லிடும்மா. அந்த நாய்க் கதையை எத்தனை நோயாளிங்களுக்குச் சொல்லியிருக்கேன், வேதம்னு. கண்ணுதான் போச்சுன்னு இருந்தேன். புத்தியும் போயிட்டிருக்கு."

ஊசி விரலில் ஏறியது. பொய் சொல்லாதே என்பது இரண்டு வேதத்திலும் இருக்கிறதே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தாள். புத்தகத்தை மாமியார் மடியில் வைத்தாள்.

"கதை இருக்கு அத்தை. நான்தான் தைச்சு மூடிட்டேன்."

மாமியாரின் விரல் தாளோரம் ஊசித் துளை ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டே போயிற்று.

"ஓட்டை என் தலையிலன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

மருமகள் தாளோரம் தொங்கிய நூலைப் பொறுக்கினாள்.

"நாய் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப படி."

படித்தாள். அப்பன் கண் திறக்கும் இடத்தில் குரல் நின்றது. தையல் அங்கே உள்ளே விலகி, ஊசி ஒரு சொல்லைத் தின்றிருந்தது. மாமியார் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தாள். பிறகு, "இந்த இடத்துல கோணிடுச்சு போல" என்றாள்.

"ஆமா அத்தை" என்றாள் தையற்காரி. கண்ணில் நீர் நிறைந்து, அதற்குமேல் வாசிக்க எழுத்து தெரியவில்லை.