எந்த மண், யாருடைய மகன்

ஒன்பது நாற்பத்தொன்று. ஸ்பீக்கரைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளிபோட், நகர நடுவிலுள்ள பே ஸ்ட்ரீட் நடைபாதையில் ஓடினான். கோட்டுக்காரர்கள் கையிலிருந்த கோப்பி சிந்தாமல் விலகினார்கள். ஒருத்தி ஆங்கிலத்தில் திட்டினாள். திரும்பிப் பார்க்க நேரமில்லை. இன்னும் பத்தொன்பது நிமிடம்.

“அப்பா, பற்றரியைத் தூக்கிக்கொண்டு வாங்கோ!”

தெருவோரம் நின்ற வான் வண்டியின் கண்ணாடி நாலு விரல் அளவுக்கு மட்டும் இறங்கியது.

“நீயே வந்து எடு. அங்கால கமராக்காரர் நிக்கிறாங்கள்.”

“உங்களை எடுக்கவோ வந்தவங்கள்? பெரிய நடிகர்!”

“வாயைக் குறைச்சுப்போட்டு அலுவலைப் பார். டிக்கெட் எழுதுறவன் வந்தா நான் வானை எடுத்திடுவன்.”

அப்பா அன்புராசாவின் தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது. அவர் எப்போதும் இப்படித்தான். கலியாண மண்டபத்தில் வீடியோ வெளிச்சம் தன் பக்கம் திரும்பினால் அவருக்கு உடனே கை கழுவ வேண்டும். கோடை வந்தால் ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஒவ்வொரு பார்க்கில் ஒன்றுகூடும். மற்றப் பிள்ளைகள் சாக்கோட்டம் ஓடிக் கப் வாங்கிக்கொண்டு வருவார்கள். தன் ஊரென்று சொல்லும் நாரந்தனையின் ஒன்றுகூடலுக்கு மட்டும் அவர் ஒருநாளும் குடும்பத்தைக் கூட்டிப்போனதில்லை. வேலை, வெயில், தலையிடி, ஏதாவது ஒன்று வந்துவிடும். எதற்கும் துணிந்தவள் என்று பெயரெடுத்த அம்மா கிளடிஸ்கூட அந்தக் கேள்வியை எப்போதோ கைவிட்டுவிட்டாள்.

கிளிபோட் பற்றரிப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஹோட்டல் படிகளுக்கு வந்தபோது ரயென் மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு ஹூடி. நெற்றியில் வெள்ளிப் பட்டம். இருபத்திரண்டு வயது. சிலியின் தெற்கே, மப்புச்சே மக்களின் மண்ணிலிருந்து பதினொரு வயதில் தாயோடு வந்தவள். ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில் இருவரும் ஒரே அடுக்குமாடிக் கட்டிடத்தில் இருந்தார்கள். உடுப்புத் தோய்க்கும் அறையில், மெஷின் மூடியில் அவன் விரல்களால் தாளம் போட, அதற்கு மேல் அவள் வரிகளைச் சொல்லிப் பார்த்ததில் தொடங்கியது இந்தக் கூட்டு.

“வந்திட்டியா? ஸ்காபரோ முழுக்கத் தண்ணிக்குள்ள போயிட்டுதோ எண்டு நினைச்சன்,” என்றாள். இருவருக்கும் இடையில் எப்போதும் ஆங்கிலம்தான்.

“உன்ர பாட்டைக் கேட்டா அதுவும் நடக்கும்.”

அவள் சிரித்தாள். ஆனால் கண்கள் ஹோட்டல் வாசலிலேயே நின்றன. பத்து மணிக்கு உள்ளே ஒரு கம்பனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம். அவளுடைய ஊர் ஆற்றை மறித்து அணை கட்டப்போகிற கம்பனி. அணை வந்தால் அவளுடைய ஆட்கள் புதைந்திருக்கும் மேடு தண்ணீருக்குள் போய்விடும். பங்குக்காரர்கள் இந்த வாசலால்தான் போக வேண்டும். பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று அனுமதிக் கடிதம் சொல்கிறது. பாட்டு ஆறு நிமிடம். அது அவர்கள் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பாட்டுக்கு முன்னால் அவளுடைய மக்களின் முறை ஒன்று இருந்தது. கூட்டத்தின் முன் வாய் திறக்கிறவர் தான் எந்த மண், யாருடைய பிள்ளை என்று முதலில் சொல்லவேண்டும். ரயென் அதில் விட்டுக்கொடுக்கமாட்டாள். போன கிழமை ஒத்திகையில் கிளிபோட் “ஸ்காபரோ” என்றபோது தலையாட்டி மறுத்துவிட்டாள்.

“அது நீ படுக்கிற இடம். உன்ர ஆக்கள் ஆர்? அதை உன்ர பாஷையில சொல்லு. சொல்லாட்டி நீ ஸ்பீக்கரோட வாடகைக்கு வந்தவன். வானுக்குள்ள இருந்து வாசி.”

அவனுக்குச் சுருக்கென்றது. தகப்பனிடம் கேட்டான். “உதெல்லாம் இப்ப ஏன்?” என்றார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

ஒன்பது ஐம்பத்திரண்டு. கார்க் கதவுகள் திறந்து மூடின. பங்குக்காரர்கள் இறங்கத் தொடங்கினார்கள். மூன்று கமராக்களிலும் சிவப்புப் புள்ளி. ரயென் மைக்கை உயர்த்தினாள்.

“மாரி மாரி!”

வணக்கம். பிறகு மண்ணின் பெயர், தகப்பன் வழி, தாய் வழி. அவளுடைய மொழி கண்ணாடிக் கட்டிடங்களில் மோதித் திரும்பியது. வாசலில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவள் மைக்கைக் கிளிபோட்டிடம் நீட்டினாள்.

பாடமாக்கியதை அவன் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான்.

“நான் கிளிபோட். நாரந்தனை எங்கட மண். சூசைமுத்துவுக்கும் றோசலினுக்கும் பிறந்த அன்புராசாவின்ர மகன்!”

கை தட்டினார்கள். அவனுக்கு மார்பு விம்மியது. படாரென்று வான் கதவு திறந்தது.

அன்புராசா தெருவைக் குறுக்கே வெட்டி நடந்து வந்தார். தலையில் தொப்பி இல்லை. கமராக்களுக்கு நேர் முன்னால், எதையும் பார்க்காமல் வந்தார். அவனுடைய தகப்பன் என்று தெரிந்து ரயென் மரியாதையோடு ஒதுங்கி வழிவிட்டாள். அவர் மகனின் கையிலிருந்த மைக்கின் தலையை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினார். ஸ்பீக்கர் குர்ரென்று உறுமியது.

“ஆரடா உனக்கு உந்தப் பேரெல்லாம் தந்தது?”

“உங்கட ஞானஸ்நானப் பத்திரம். பிஸ்கட் ரின்னுக்குள்ள கிடந்தது. சர்ப்ரைஸா இருக்கட்டும் எண்டு…”

“சூசைமுத்து உன்ர அப்பப்பா இல்ல. அது அன்புராசாவின்ர ஐயா.”

கிளிபோட் விழித்தான். “அன்புராசா நீங்கள்தானே?”

“அவன் செத்துப்போனான், மகன். பாங்கொக்கில ஒரே அறையில கிடந்தனாங்கள். மூண்டே நாள் காய்ச்சல். ஏஜென்சிக்காரன் அவன்ர பாஸ்போட்டில படத்தை மாத்தி என்னைப் பிளேனில ஏத்திவிட்டான். என்ர பேரில அகதிக் கேஸ் நிக்காது எண்டாங்கள். இஞ்ச வந்தும் அவன்ர பேரிலதான் கேஸ் குடுத்தன். கொம்மாவுக்கும் தெரியாது.”

ஒன்பது ஐம்பத்துநாலு. இப்போது தொடங்கினால்தான் பாட்டு முழுசாகப் போகும். ரயென் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். வாசலில் கூட்டம் தடித்துவிட்டது. கிளிபோட்டின் விரல் தாளத்தைத் தொடக்கும் பொத்தானின் மேல் நின்றது. அமத்தினால் அவளுடைய பாட்டு அவனுடைய பொய்யின் மேல் ஏறும். திருத்திச் சொன்னால் மூன்று கமராவும் கேட்கும். அப்பாவின் முப்பது வருடக் குடியுரிமைக் கடதாசி எல்லாம் பொய்யென்றாகிவிடும்.

“அப்ப நான் இவளுக்கு என்ன சொல்ல?”

“எனக்குத் தெரியாது. செத்தவன்ர தாய் தேப்பன்ர பேரை நீ உரிமையா நிண்டு சொல்ல, எனக்கு வானுக்குள்ள இருக்க ஏலாமப் போச்சு.”

அவருடைய விரல் மூட்டுகள் வெளுத்துப்போயிருந்தன. உள்ளங்கைக்குள் மைக் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அவர் மகனின் காதருகே குனிந்தார்.

“எங்கட மண் அளவெட்டி. தில்லையம்பலத்தின்ர மகன் ஜெயரட்ணம்.”