போய்விட்டு வரும் குண்டுகள்

ஓசூருக்கு வெளியே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டப்படும் கைத்துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டு, எங்கே போனாலும் சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடும்.

அந்தத் துப்பாக்கிக்குப் பல நாடுகள் சொந்தம். பனி பெய்யும் ஒரு நாட்டில் அதன் படத்தை வரைகிறார்கள். அதற்குப் படநாடு என்று பெயர். குழல், குழல்நாட்டிலிருந்து வருகிறது. விசை, விசைநாட்டிலிருந்து. நாடுகளின் நிஜப் பெயர்கள் பெட்டியின்மேல் அச்சாகியிருக்கும், ஆனால் யார் வாய்க்குள்ளும் நுழையாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுவது ஓசூர்க் கொட்டகையில். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு மேஸ்திரி மங்கையர்க்கரசி. குழல் வந்த புதிதில் விறைத்துக்கொண்டுதான் நிற்கும். அதைக் கொஞ்சம் வெயிலில் வைத்து, இரண்டு சொட்டு எண்ணெயும் கொடுத்தால் விசையோடு மல்லுக்கட்டாமல் உட்கார்ந்துவிடும். மனுஷருக்கும் அவ்வளவுதானே வேண்டியிருக்கிறது.

குண்டு திரும்பி வருவதன் காரணம் ஊருக்கே தெரியும். குண்டை உள்ளே வைக்கிற பெண், "போயிட்டு வா" என்று சொல்லித்தான் வைப்பாள். புறப்படுகிறவரைப் பார்த்து வெறுமனே "போ" என்று சொல்ல அந்த வட்டாரத்தில் யாருக்கும் நாக்கு எழாது. குண்டுகளும் பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவை. போகும், நாலு இடம் பார்க்கும், வெயில் தாழ்ந்ததும் வந்து குழலுக்குள் படுத்துக்கொள்ளும். சில நாள், யாரோ வைத்துவிட்ட கனகாம்பரத்தோடு வரும்.

படநாட்டுக்கு இது பிடிக்கவில்லை. அங்கிருந்து ஹென்ரிக் என்ற அதிகாரி வந்தார். விமானத்தில் வரும்போதே தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். நடுவில் சாப்பாடு வந்துவிட்டதால் வினைச்சொற்கள் மட்டும் விட்டுப்போயின.

"அம்மா, குண்டு பலகைக்குள். ராத்திரியும் பலகைக்குள். நாளை காலையும் பலகைக்குள்" என்றார், திடலில் குறிக்காக நட்டிருந்த பலகையைக் காட்டி. "மறுபடி வீட்டுக்குள் என்றால், பூட்டும் வேலை வேறு நாட்டுக்கு."

மங்கைக்கு இந்த வேலை பிடிக்கும். ஒட்டாத இரண்டைச் சேர்த்து உட்காரவைக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வருமே, அதற்காகவே விடியுமுன் எழுந்து வருகிறவள். இது போனால் எல்லாரும் ரோஜாத் தோட்டத்துக்குத்தான் பூப்பறிக்கப் போகவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குண்டை உள்ளங்கையில் வைத்து, "போ" என்று சொல்லிப் பார்த்தாள். மிச்சமிருந்த "யிட்டு வா"வும் தானாக வந்துவிட்டது.

மத்தியானம் எலுமிச்சம்பழச் சோற்றைப் பிரித்தபடி பச்சைநாயகி கேட்டாள். மங்கைக்கு அடுத்த மேசைக்காரி அவள். "ஏங்க்கா, போன இடத்துலயே தங்கறது யாரு? கட்டிக்குடுத்த பொண்ணுதானே?"

"அப்ப கட்டிக்குடுத்துரலாம்" என்றாள் மங்கை.

மாப்பிள்ளை, சுட்டுப் பார்க்கும் திடலில் நிற்கும் பலகை. முறைப்படி தட்டோடு பெண் கேட்டு வந்தது. வெளிநாட்டுப் பலகைக்கு உள்ளூரில் உறவு கிடையாது. அதனால் ஹென்ரிக் தாய்மாமனாக உட்கார்ந்தார், வேட்டி அவருக்கு நன்றாகவே நின்றது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். மாப்பிள்ளையின் காலைக் கரையான் அரித்திருந்ததைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. குண்டுக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்பதை இவர்களும் சொல்லவில்லை.

மஞ்சள் கயிறு ஏறியது. மங்கை குண்டைக் குழலில் வைத்து, "நல்லா இரு தாயி" என்று மட்டும் சொன்னாள். கண் நிறைந்து, குறி தெரியவில்லை. பச்சைநாயகிதான் விசையை அழுத்தினாள்.

சாயங்காலம் கொட்டகைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். குண்டு வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தபோது பலகையின் நட்டநடுவில், சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருந்தது. "வேலை ஓசூரில்" என்றார் ஹென்ரிக். மங்கைக்குச் சந்தோஷம்தான். அன்று முழுக்க, காலியாக இருந்த அந்த ஒரு குழலை மட்டும் அவள் யாரையும் தொடவிடவில்லை.

துப்பாக்கிகள் பல நாடுகளுக்கும் விற்றன. வாங்கியவர்கள் அவசரத்தில் சுட்டார்கள். கேட்காத இடத்தில் தங்குவதற்குக் குண்டுகளுக்கு என்ன தலையெழுத்தா? வாசலைக்கூட மிதிக்காமல் எல்லாம் சாயங்காலமே ஓசூர் வந்து சேர்ந்தன. குண்டு தங்கவேண்டும் என்றால் நேரில் வந்து முறையாகக் கேட்கவேண்டும் என்பது மெல்ல எல்லாருக்கும் புரிந்தது. இப்போது கொட்டகையில் பூட்டும் வேலை பாதி, பஜ்ஜி போடும் வேலை பாதி.

போன வெள்ளிக்கிழமை இரண்டு தளபதிகள் பூ, பழத் தட்டோடு வந்தார்கள். ஒரே எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டைபோடும் நாடுகள். வெகுதூரப் பயணம் என்பதால் இருவருக்கும் வினைச்சொற்களும் வந்தன. இருந்தது ஒரே பாய்.

"முகூர்த்தம் எப்போது வைத்துக்கொள்ளலாம்?" என்று மூத்தவர் கேட்டார். "எல்லையில் எல்லோரும் காத்திருக்கிறார்கள்."

"இது ஆடி மாசங்க" என்றாள் மங்கை. "அப்புறம் ஜாதகம் வேற பார்க்கணும். குழல் பொறந்தது ஒரு நாடு, விசை பொறந்தது ஒரு நாடு. எந்த ஊர் நேரத்துல கணிக்கறதுன்னு ஜோசியர் யோசிச்சிட்டு இருக்காரு. சேதி சொல்லி அனுப்பறோம்."

"நியாயம்தான்" என்றார் மூத்தவர். "அதுவரை யாரும் சுடவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்." இளையவரும் தலையாட்டிவிட்டு இன்னொரு வாழைக்காய் பஜ்ஜி எடுத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டார்.

குண்டு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆனந்தபைரவியில் ஆரம்பித்தது. இளையவருக்குத் தாளம் கொஞ்சம் பிசகியது. மூத்தவர் அவர் தொடையில் தட்டிச் சரிசெய்தார்.