மைனருக்குத் துணை

பானுப்ரியா என் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் ஏழு மீன்கள். பின்னாலேயே குட்டியானை வண்டியில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. வண்டி வாடகையை நான்தான் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அவளைப் பிடிக்காமல் போயிற்று என்று சொன்னால் அது பொய். அதற்கு முன்பே பிடிக்காது.

என் தம்பி செந்தில்குமார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். பெரம்பலூரில் குடித்தனம் வைத்தான், பிறகு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். இவள் பெரம்பலூரிலேயே ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்த்தாள். கடை ஓடவில்லை. முதலாளி கடையை மூடிவிட்டு, விற்காத மீனையெல்லாம் ஏரியில் கொட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறான். இவள் கொட்டவில்லை, தூக்கிக்கொண்டு அரியலூருக்கு வந்துவிட்டாள். அவள் பிறந்த ஊர் விக்கிரமங்கலம். செந்திலைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறப்பதில்லை. என்னை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"சிக்லிட்டுங்க அண்ணி. ஆப்பிரிக்கா மீனு" என்றாள்.

"கொழம்பு வெச்சா நல்லாருக்குமா?" என்றேன்.

அவள் வாளியை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாள். அன்றைக்குக் குறைந்த பேச்சு பிறகு வளரவே இல்லை.

எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் பூமி. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். குடித்தால் கல்லடைப்பு வரும் என்று பயந்து தெருவில் பாதிப் பேர் என்னிடம் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். அந்தப் பயத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு ஒண்டியாளாக நின்று, கேன் தூக்கித் தூக்கித்தான் இந்த வீட்டைக் கட்டினேன். அதில் சும்மா உட்கார்ந்து தின்ன நான் யாரையும் விடுவதாக இல்லை. பானுவை எக்ஸெல் வண்டியில் லைனுக்கு அனுப்பினேன். முணுமுணுக்காமல் கேன் போட்டுவிட்டு வந்தாள். முணுமுணுத்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

கூடத்தின் நடுவில் என் பீரோவை இழுத்துப் போட்டேன். பீரோவுக்கு அந்தப் பக்கம் அவளும், அவளுடைய ஒற்றை அடுப்பும், மீன்தொட்டியும். இந்தப் பக்கம் நான். சமையலறை என்னுடையது. தொட்டிக்குக் காற்று ஊதுகிற மோட்டாரின் சுவிட்ச் மட்டும் என் பக்கத்துச் சுவரில் இருந்தது. நான் நினைத்தால் அணைக்கலாம். அணைத்ததில்லை, ஆனால் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டு போவேன். நான் பார்ப்பதை அவள் பார்ப்பாள்.

ஏழு மீனில் ஒன்று நல்ல நீலம், உடம்பில் கறுப்புப் பட்டை. மகா திமிர் பிடித்தது. தொட்டிக்குள் கிடந்த கல்லெல்லாம் தனக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததாக நினைப்பு. மற்றதையெல்லாம் கடித்து விரட்டிக்கொண்டே இருக்கும். நான் அதற்கு மைனர் என்று பேர் வைத்தேன். அவளும் கொஞ்ச நாளில் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள், என்னிடம் இரவல் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளாமல்.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றப் போகிறேன், தொட்டியில் ஒரு மீன் செத்து மிதக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொன்று. இரண்டும் மைனர் கைங்கரியம்.

"மீனு செத்தா வூட்டு மேல இருந்த திருஷ்டி கழிஞ்சுதுன்னு சொல்லுவாங்க அண்ணி" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"வாரம் ஒரு திருஷ்டி கழியிற அளவுக்கு இந்த வூட்டுல என்ன கொட்டிக் கெடக்கு?" என்றேன். "இத பாரு. இன்னொரு மீனு செத்துச்சுன்னா தொட்டியும் வெளிய, நீயும் வெளிய. செந்திலுக்கு நான் சொல்லிக்கிறேன்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னால் சொன்னதுதான், அது ஊருக்கே தெரியும்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மைனருக்குத் துணை பத்தலீங்க. கூட்டம் கம்மியா இருந்தா ஒருத்தனையே குறி வெச்சு வெரட்டுவான். இன்னும் ஆறேழு பேரு இருந்தா யார வெரட்டுறதுன்னு தெரியாம அலைவான். யாருக்கும் பெரிய அடி வுழாது."

"இருக்கிற தெண்டம் பத்தாதுன்னு இன்னும் ஆறேழா? கோல்டு பிஷ் வாங்கி வுடு. அதான் மலிவு."

"அது சாதுங்க. ஒரு நாள் தாங்காது. இவன மாதிரியே முரடா இருக்கணும். ஆனா இவன் நெறத்துல இருக்கக் கூடாது. அதே நெறத்துல இருந்தா போட்டிக்கு வந்தவன்னு நெனைச்சு அடிச்சே கொன்னுருவான்."

"இது என்ன, சம்பந்தம் பேசுற மாதிரி இருக்கு" என்றேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு அவளோடு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். மீன் ஆசையில் இல்லை. சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வருகிற ரகம் அவள். காசு என்னுடையது.

துறையூர் ரோட்டில் கலைச்செல்வன் என்பவனுடைய கடை. மேல் வரிசையில் மஞ்சளும் ஆரஞ்சும் நீலமுமாக நீந்தியவற்றுக்கு அவன் சொன்ன விலையில் நான் ஒரு மாதம் மளிகை வாங்குவேன். பானு கீழ் வரிசையில் ஒரு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அழுக்குப் பழுப்பில் ஆறு மீன்கள், பார்க்கச் சகிக்காது. என் கையை லேசாகத் தொட்டாள். அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்ப்பா, இந்தச் சாணிக் கலர் மீன யாரு தலையில கட்டப் போற?" என்று ஆரம்பித்தேன்.

"அதுவும் சிக்லிட்டுதாம்மா. லாட்டுல வந்துச்சு. கலர் ஏறல."

"இனிமேயா ஏறப் போவுது? கண்ணாடியில மொகத்த வெச்சுப் பாக்குறதுக்கே சங்கடமா இருக்கு. சும்மா குடுத்தாக்கூட யோசிக்கணும்."

ஐந்து தடவை கடையை விட்டு இறங்கினேன், ஐந்து தடவையும் கூப்பிட்டான். கடைசியில், "எடுத்துட்டுப் போங்கம்மா, மாசக்கணக்கா தீனிதான் தின்னுது" என்று ஒரு ஜோடி விலைக்கு ஆறையும் கவரில் போட்டுக் கொடுத்தான்.

பஸ் டவுனைத் தாண்டிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "ஆறும் பொட்டைங்க அண்ணி. மைனரோட வகைதான். இதுல பொட்டைக்குக் கலரே வராது. அந்த ஆளுக்குத் தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அரை நிமிடம் சிரித்திருப்போம். உடனே எனக்கு என்னவோ போலாகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் புது மீனைத் தொட்டியில் விடவில்லை. லாரியிலிருந்து ரோட்டில் விழுகிற சுண்ணாம்புக்கல்லைப் பொறுக்கி வந்துதான் தொட்டிக்குள் குகை மாதிரி அடுக்கி வைத்திருந்தாள். அதையெல்லாம் வெளியே எடுத்தாள். இடமிருந்ததை வலம் வைத்தாள், கீழே இருந்ததை மேலே வைத்தாள். அதற்கப்புறம்தான் கவரை அவிழ்த்தாள்.

"கல்ல அப்படியே வெச்சுட்டுப் புதுசா வந்தத வுட்டா மைனரு சும்மா வுட மாட்டான்" என்று தொட்டியிடம் சொன்னாள், என் காதில் விழுகிற மாதிரி. "மாத்தி வெச்சுட்டா அவனுக்கே இது எந்த எடம்னு தெரியாது. அவனும் புதுசா வந்தவன் மாதிரி எடம் தேடுவான்."

அப்படியே நடந்தது. மைனர் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு சுற்றி வந்தான். அதுவரை மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்தே கிடந்த வால் கிழிந்த மஞ்சள் மீன் அன்றைக்கு வெளியே வந்து தீனி தின்றது. அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் சாவு விழவில்லை. தொட்டிக்குள் அமைதி வந்தது, பீரோவுக்கு ரெண்டு பக்கமும் பழைய மாதிரியேதான்.

கெட்டது ஜெகதாம்பாளால் வந்தது. எதிர் வீட்டுக்காரி, கேன் வாங்க வந்தவள் தொட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் நல்ல தண்ணி வித்துட்டு, வூட்டுல இருக்கிற வாயில்லா ஜீவனுக்கு உப்புத் தண்ணியா ராசாத்தி?" என்று இழுத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் இருக்கிற எதுவும் மட்டமான தண்ணீரில் கிடக்க வேண்டியதில்லை. அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பானு வந்து பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்றும் ஓர் ஆசை. பஸ்ஸில் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. மறுநாள் காலையில் பானு லைனுக்குப் போனதும் டியூப் போட்டுத் தொட்டித் தண்ணீரை உள்ளங்கை ஆழத்துக்கு இறக்கினேன். சீல் உடைக்காத கேன்களாக எடுத்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து நிரப்பினேன். தொட்டி பளபளவென்று இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மஞ்சள் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மைனரே ஒரு மூலையில் அசையாமல் நின்றான்.

"என்னத்த ஊத்தின?" என்றாள். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"கேன் தண்ணி. நல்ல தண்ணிதான்."

அவள் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போர் குழாய்க்கு ஓடினாள். அள்ளிக் கொட்டப் போகிறாள் என்று நினைத்தேன். செம்பு செம்பாக, இடைவெளி விட்டு விட்டுத்தான் ஊற்றினாள். ஒரேயடியாக மாறினால் அதுவும் தாங்காதாம். நானும் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, கேன் கேட்டு. ரெண்டு பேரும் எடுக்கவில்லை.

"இதுங்க சுண்ணாம்புத் தண்ணி ஏரியில பொறந்த வம்சம்" என்றாள். "நம்மூரு போர் தண்ணின்னா அப்படியே ஒத்துக்கும். அதனாலதான் செலவில்லாம வளக்கலாம்னு இங்க தைரியமா தூக்கிட்டு வந்தேன். கேன் தண்ணியில இதுங்களுக்கு வேண்டியது ஒண்ணுமே இல்ல."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"எப்ப பேச வுட்டீங்க?"

நான் அடுத்த செம்பை மொண்டேன். மைனர் பிழைத்தான். பொட்டைகள் ஆறும், பழைய மீன் மூன்றும் பிழைத்தன. மஞ்சள் மீன் பிழைக்கவில்லை.

அவள் அதை எடுத்துக்கொண்டு போய்க் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து துணிப்பையை எடுத்துச் சேலைகளை மடித்து வைக்கத் தொடங்கினாள்.

"என்ன பண்ற?"

"இன்னொரு மீனு செத்தா வெளியன்னு சொன்னீங்கல்ல. தொட்டிய நாளைக்கு வண்டி வெச்சு எடுத்துக்கிறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. நான் யாரிடமும் அப்படிச் சொல்லிப் பழகியவள் இல்லை. அவள் போய்விடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் இந்த வீட்டில் நான் இருந்த வருஷங்கள் போதும்.

எழுந்து போய் பீரோவை முதுகு கொடுத்துத் தள்ளினேன். அது கிரீச்சென்று அலறிக்கொண்டு நகர்ந்தது. பிறகு சமையலறைக்குள் போய் என் அடுப்பைக் கழற்றிக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். அரிசி டிரம்மை உருட்டினேன். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தினேன். வீடு முழுக்க எதுவும் அதனதன் இடத்தில் இல்லை.

"என்ன பண்றீங்க?" என்றாள் அவள்.

"கல்ல மாத்தி வெக்கிறேன்."

அவள் பையோடு நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் மறுபடியும் பீரோவைத் தள்ளினேன். அது சமையலறை வாசல்படியில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"தள்ளுனா தரை போயிரும். தூக்கணும்" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் பிடித்தாள்.

பீரோவைச் சுவரோரம் நிறுத்தினோம். நான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.

"அங்க வெக்காதீங்க அண்ணி. காத்துக்கு அணைஞ்சு போவும்."

"என் வூட்டு அடுப்பு எங்க இருக்கணும்னு நீ சொல்லுவியா?" என்றேன்.

சொன்னாள். அங்கேதான் வைத்தேன்.