பேக்கிங் ஹால் கதவு

இப்போதெல்லாம் யாரும் கதவைச் சாத்துவதே இல்லை. உள்ளே வருகிறவன், பின்னாலேயே ஓர் ஆள் வந்து சாத்துவான் என்கிற நினைப்பில் வருகிறான். வெளியே போகிறவன், இனிமேல் இந்தக் கட்டடத்தோடு தனக்கு என்ன பேச்சு என்பதுபோலப் போகிறான். கையில் இருக்கிற போனைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்ட மாதிரி, கதவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். காலையிலிருந்து பூட்டுக்காரர் பதினேழு கதவுகளைச் சாத்திவிட்டார். அவர் சாத்தச் சாத்த அவை திறந்துகொண்டே இருந்தன.

மூடிப்போன சட்டைக் கம்பெனி அது. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இருபத்திரண்டு வருஷம் அவர் அங்கே கேட் வாட்ச்மேன். 'பூட்டுக்காரர்' என்பது தைக்கிற பெண்கள் வைத்த பேர். பாசத்தில் வைத்த பேர் ஒன்றும் இல்லை. கம்பெனி மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. மெஷின்களை எல்லாம் லாரி ஏற்றிக் கொண்டுபோனவர்கள் அவரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். காலிக் கட்டடத்துக்கும் காவல் வேண்டும் அல்லவா.

சினிமாக்காரர்கள் வந்து மூன்று நாள் ஆகிறது. ஒரு வேன், ஒரு கேமரா, பதினைந்து பேர். ஜாம்பிப் படமாம். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருக்கிறவர்களைக் கடித்துத் தின்பார்களாம். நாற்பது ஜாம்பி வேண்டிய இடத்தில் பதின்மூன்று பேர்தான் இருந்தார்கள். அதனால் காலையில் தலை போனவன் மத்தியானம் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடியும் வந்தான். முகத்தில் மாவைக் குழைத்து அப்பி, அதன்மேல் சிவப்புச் சாயம் கலந்த சர்க்கரைப் பாகை ஊற்றியிருந்தார்கள். பாகுக்கு ஈ மொய்த்தது. பயங்கரமாக உறுமிக்கொண்டு வருகிற ஜாம்பி நடுவில் நின்று தன் கன்னத்தில் தானே பட்டென்று அறைந்துகொள்ளும். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொள்வான்.

டைரக்டருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். மரியாதை தெரிந்த பையன்தான். அதனாலேயே பூட்டுக்காரருக்கு அவன்மேல் நம்பிக்கை வரவில்லை.

"ஐயா, இது பேய்ப் படம் இல்லீங்க. சமூகப் படம்," என்றான் முதல் நாளே. "ஜாம்பின்னா யாரு? சொன்னதை யோசிக்காம செய்யறவன். மெஷின் முன்னால உக்காந்து உக்காந்து உள்ளுக்குள்ள செத்துப் போனவங்க. கம்பெனி அவங்களத் தின்னுச்சு. இப்ப அவங்க திருப்பித் திங்க வர்றாங்க. புரியுதுங்களா?"

"தைக்கிறவங்களுக்கு யோசனை இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அப்படி இல்லீங்க ஐயா, இது ஒரு உருவகம்..."

"ஒரு நாளைக்கு எழுநூறு காலர் தைப்பாளுங்க. கை தைக்கும், மண்டை ஊரெல்லாம் சுத்திட்டு வரும். என்னைப் பத்தி அவளுங்க கட்டுன பாட்டு ஒண்ணை நீங்க கேட்டிருந்தா தெரியும். அது போகட்டும். செத்தவங்க எதுக்குத் தம்பி திங்க வர்றாங்க? பசியா அவங்களுக்கு?"

"பின்ன எதுக்கு வருவாங்க?"

பூட்டுக்காரர் போய் ஒரு கதவைச் சாத்தினார்.

எதற்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். கேட்க வருவார்கள். பதினோரு வருஷமாக ஒருத்தி வந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

பட்டன் தைக்கிறவள் அவள். பேக்கிங் ஹாலுக்குப் பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு. சட்டைகள் அந்த வழியாகக் களவு போகின்றன என்று மேனேஜர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஷிஃப்ட் சங்கு ஊதியதும் வெளியிலிருந்து தாழ் போட்டுப் பூட்டிவிட வேண்டும், அடுத்த சங்குக்குத்தான் திறக்க வேண்டும். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு. பூட்டுவதற்குச் சாவி வேண்டியதில்லை. சங்கு, தாழ், பூட்டு. இருபத்திரண்டு வருஷம், நாளைக்கு இரண்டு தடவை. ஒரு நாள் உள்ளே ஒயர் கருகி அட்டைப்பெட்டிகள் பற்றிக்கொண்டன. முன்பக்கம் நெருப்பு. பின்பக்கக் கதவை அடித்தார்கள். பூட்டுக்காரர் வெளியே, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திறக்கவில்லை. கேட்கப் போனார். மேனேஜர் ரூம் நாற்பது எட்டு வைக்கிற தூரம். மேனேஜர் போனில் பேசிக்கொண்டே, இரு என்று கையைத் தூக்கினார். அந்தக் கை இறங்குகிற வரைக்கும் அவர் நின்றார். திரும்பி வர நாற்பது எட்டு. கதவைத் திறந்ததும் எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே விழுந்தார்கள். பட்டன்காரி மட்டும் கதவோரத்திலேயே கிடந்தாள்.

விசாரணையில் கதவு திறந்துதான் இருந்தது என்றார் மேனேஜர். இவரும் தலையாட்டினார். வீட்டிலும் அதையேதான் சொன்னார். குழாயடியில் ஒருத்தி ஜாடையாக என்னவோ பேசியதற்கு, அப்போது கல்யாணமாகாமல் இருந்த அவர் மகள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனாள். 'எங்கப்பா கதவத் தொறந்துதான் வெச்சிருந்தாரு. என் தலையில அடிச்சுச் சொல்றேன்.' அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு அந்த மகள்தான் எதிரில் வந்து நின்றாள். இரண்டு பிள்ளை பெற்றவள். வேடிக்கை பார்க்க வந்த இடத்தில், ஆள் குறைகிறது என்று அவளையும் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

"அப்பா, நான் செத்துட்டேன். பாருங்க, நல்லா இருக்கா?"

முகம் முழுக்க மாவு. ஒரு பக்க வாய் காதுவரைக்கும் கிழிந்திருந்தது. கம்பெனிக் கிடங்கிலிருந்து தோண்டி எடுத்த, தைக்கிற பெண்களின் நீலக் கோட்டை மாட்டியிருந்தாள். பூட்டுக்காரர் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல. கோட்டுப் பையில் தைத்திருந்த நம்பரை. பட்டன்காரியின் நாற்பத்தாறு இல்லை. முப்பத்தொன்று. மூச்சு வந்தது.

"கழுவிட்டு வீட்டுக்குப் போ."

"என்னப்பா நீங்க. இப்பத்தான் பெரிய சீனே. பேக்கிங் ஹால்ல நாங்க எல்லாரும் கதவ உடைச்சுட்டு வர்றோம்."

அவர் நேரே டைரக்டரிடம் போனார். பேக்கிங் ஹாலின் கம்பிச் சன்னலுக்குக் கீழே, ஒரு தகர டிரம்மில் ஈரச் சாக்கையும் டயர்த் துண்டையும் போட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். புகை மெஷினுக்கு வசதி இல்லையாம்.

"அந்தக் கதவு வேண்டாம் தம்பி. வேற கதவு எத்தனையோ இருக்கு."

"ஐயா, அந்தக் கதவுதான் படமே. அங்க நடந்தது எனக்கும் கொஞ்சம் தெரியும். அதுக்குத்தான் இந்தக் கட்டடத்தையே கேட்டு வாங்கினேன். பயப்படாதீங்க, சும்மா சாத்தி வெச்சிருக்கு. பத்து எண்ணறதுக்குள்ள தள்ளிட்டு வந்துருவாங்க." பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஐயா, நீங்களே நில்லுங்களேன் கதவுகிட்ட. காவலாளியா. முதுகு மட்டும்தான் தெரியும். சங்கு ஊதினதும் நடந்து ஓரமாப் போயிடுங்க. அவ்வளவுதான்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் உள்ளே மகள் இருக்கிறாள், வெளியே புகை போடுகிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் இந்தப் பொடியன்கள் நிற்பதைவிடத் தான் நிற்பது மேல் என்று பட்டது. சரி என்றார்.

கதவு அப்படியேதான் இருந்தது. வெளிச்சம் வராமலிருக்க ஹாலின் முன்வாசலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். தாழுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள். பழைய பூட்டை எங்கிருந்தோ தேடி எடுத்து, பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று வளையத்தில் திறந்தபடி மாட்டியிருந்தார்கள். மற்றச் சாவிகளை எல்லாம் அவர் சினிமாக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். இதன் சாவி மட்டும் சட்டைக்குள், கழுத்துக் கயிற்றில் கிடந்தது. அதைப் பதினோரு வருஷமாக அவர் கழற்றியதில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏய், யாருடி என் காலை மிதிக்கிறது?" "செத்தவளுக்கு எதுக்குடி காலு?" மகளின் குரலும் அதில் இருந்தது. டிரம்மின் புகையை ஒருவன் அட்டையால் சன்னலுக்குள் விசிறினான். மத்தியான வெயில் கண்ணைக் குத்தியது. யாரோ 'ஆக்‌ஷன்' என்றார்கள். கூரைமேல் ஒருவன் பழைய சங்கின் கைப்பிடியைச் சுற்றினான்.

சங்கு ஊதியது.

அடிவயிற்றிலிருந்து எழும்பி ஊரையே இழுக்கிற அதே சத்தம். பூட்டுக்காரர் அதைக் கேட்டார். பிறகு நடந்து ஓரமாகப் போனார். ஏழெட்டு அடி போனபிறகுதான் உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். தாழ் போட்டிருந்தது. பூட்டு பூட்டியிருந்தது.

உள்ளேயிருந்து தள்ளினார்கள். கதவு அசையவில்லை. உறுமிக்கொண்டு அடித்தார்கள். கேமராவுக்குப் பின்னால் டைரக்டர் திரையைப் பார்த்தபடி மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அடி பலமானது. பத்து எண்ணுகிற நேரம் போய்விட்டது. பிறகு உறுமல் நின்றது. நடிக்கிறவர்கள்தான் உறுமுவார்கள். இப்போது உள்ளங்கைகள் மட்டும் இரும்பில் படபடவென்று விழுந்தன. அதற்குள் ஓர் இருமல், பிறகு பல இருமல்கள். அந்தப் பக்கம் அட்டைக்காரன் இதெல்லாம் தெரியாமல் இன்னும் புகையை விசிறிக்கொண்டே இருந்தான்.

பூட்டுக்காரரின் கால்கள் நடந்தன. கதவை நோக்கி அல்ல. டைரக்டரை நோக்கி.

"தொறக்கட்டுமா சார்?"

அந்த 'சார்' அவர் வாயில் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. டைரக்டர் திரும்பவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இருங்க என்று கையைத் தூக்கினான்.

அவர் நின்றார்.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் சிவப்பு மை பட்டிருந்தது. ஒரு விரலில் மோதிரம். இறக்கு, இறக்கு என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. கால் மட்டும் தரையில் அறைந்த மாதிரி இருந்தது. கதவடி குறைய ஆரம்பித்தது. குறைவது எதற்கு என்று அவருக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"அப்பா."

கத்தலாகக்கூட இல்லை. சின்ன வயதில் இருட்டில் தண்ணீர் கேட்பாளே, அப்படி ஒரு குரல்.

அவர் ஓடினார். சட்டைப் பொத்தான் தெறித்தது. கயிற்றை அறுக்க நேரமில்லாமல், கழுத்தைப் பூட்டுக்குக் கொண்டுபோய், இரும்புக் கதவில் கன்னத்தை அழுத்திக்கொண்டு சாவியைத் துளையில் தேடினார். இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் நுழைந்தது. துரு. திரும்பவில்லை. கன்னத்துக்கு அந்தப் பக்கம் யாரோ நகத்தால் பிறாண்டுவது எலும்பில் கேட்டது. இரண்டு கையாலும் திருப்பினார். பூட்டு வாயைத் திறந்தது. தாழை இழுத்தார்.

உள்ளே இருந்த அத்தனை பேரும் அவர்மேலேயே விழுந்தார்கள். மாவு வழிந்து, கண் சிவந்து, வாயைப் பிளந்து காற்றைக் கடித்து விழுங்கிக்கொண்டு. அவர் ஒவ்வொரு நீலக் கோட்டையும் பிடித்துத் திருப்பி நம்பரைப் பார்த்தார். முப்பத்தொன்று கடைசியாக, தவழ்ந்துகொண்டு வந்தது. உயிரோடு வந்தது.

"கட்," என்றான் டைரக்டர். ஓடிவந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது அவனுக்கு. "இதுதான் வேணும்னு ஆறு மாசமா எழுதிட்டிருந்தேன். இப்படி வரும்னு..." பிறகுதான் இருமலைக் கேட்டு, "தண்ணி குடுங்கப்பா எல்லாருக்கும். பூட்டை யாரு பூட்டினது?" என்றான். ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்தான். யாரும் கிழவரைப் பார்க்கவில்லை.

மகள் பார்த்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எச்சிலில் கருப்பைத் துப்பிவிட்டுப் பார்த்தாள். பூட்டு அவர் கையில் இருந்தது. சாவி பூட்டில் இருந்தது. சாவியின் கயிறு இன்னும் அவர் கழுத்தில் இருந்தது.

"இந்தச் சாவி எப்படிப்பா உங்ககிட்ட?"

அவர் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினார்.

"அன்னைக்கும் கழுத்துலதான் இருந்துச்சா?"

"இல்ல," என்றார். "அன்னைக்குக் கையிலயே இருந்துச்சு."

அவள் காய்ந்துபோன மாவைக் கன்னத்திலிருந்து செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கிழிந்த வாய் பாதி உரிந்து தொங்கியது.

"வா, வீட்டுக்குப் போகலாம்."

"நீங்க போங்க. நான் அப்புறம் வர்றேன்."

டைரக்டர் பக்கத்தில் வந்தான். "ஐயா, ஒரே ஒரு க்ளோஸப். புகையே கிடையாது. பூட்டும் கிடையாது, சும்மா கதவு தொறந்து வர்றது மட்டும். மனுஷனை எப்படி யோசிக்காத பொருளா மாத்திட்டாங்கன்னு ஜனங்களுக்குப் புரியணும். அதுக்குத்தான்."

"என்னமோ எடுங்க."

"பூட்டை மட்டும் குடுத்துட்டுப் போங்க. முன்ன ஷாட்ல இருக்கு அது."

"குடுக்க மாட்டேன்."

திறந்த பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். சட்டை பொத்தான் இல்லாமல் காற்றில் அடித்தது. யோசிக்காதவனாம். என்ன கண்டான் இவன். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அந்தத் தூக்கிய கைக்கு முன்னால் அவர் யோசித்துக்கொண்டேதான் நின்றார். ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டேதான் நின்றார். அதை எந்தக் கேமராவில் எடுப்பான்? மாவு அப்பி, பாகு ஊற்றி, உறுமவிட்டால் ஆயிற்றா? படமாம், சமூகமாம்.

கேட்டைத் தாண்டிவிட்டார். பின்னால் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. மகள் முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாளா, மறுபடி உள்ளே போய்விட்டாளா என்று திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பவில்லை.

சங்கு ஊதியது.

அவர் நடந்துகொண்டே இருந்தார். பைக்குள் கை என்ன செய்கிறது என்று அவர் பார்க்கவில்லை. டக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.