முதல் பக்கம் இல்லாத தாள்

பிணத்தின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட ஏஞ்சல் பழைய வேட்டியிலிருந்து ஓரமாக ஒரு துண்டு கிழித்தாள். அந்தச் சத்தத்துக்கு வாசற்படியில் இருந்த மாமியார் தேசம்மா திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துக் கட்டு கண்ணு. இறுக்காத. நோவும் அவருக்கு."

செத்தவருக்கு நோவுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது?

மாமனார் அங்கமுத்துவுக்கு விடியற்காலை ஐந்தரைக்கு உயிர் போயிற்று. ஒன்றரை வருஷமாகப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து கட்டிலோடு கிடந்த மனுஷன். முப்பது வருஷம் கடலோடு மல்லுக்கட்டிய உடம்பு, கடைசி மூன்று மாதத்தில் முதுகில் புண் வைத்து, புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சலில் வெந்து அடங்கிவிட்டது. அடையாறு கடலில் சேருகிற இடத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை ஒருவரும் தொழிலுக்கு இறங்கமாட்டார்கள். அதனால் எல்லாப் படகும் கரையில் கிடந்தது, எல்லா ஆளும் வாசலில் இருந்தார்கள்.

வாசலுக்கு வராமல் படகு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டவன் ஏஞ்சலின் புருஷன் சூர்யா ஒருவன்தான். வெள்ளிக்கிழமையே ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறேன் என்று நின்றவன் அவன். "ரெண்டு நாள் பொறுய்யா. திங்கக்கெழம நர்ஸ் வந்துடுவாங்கோ. காமாக்ஷி அக்கா அடிச்சு சொல்லிக்கீறாங்க" என்று ஆட்டோவைத் திருப்பி அனுப்பியவள் ஏஞ்சல். இன்றைக்குத்தான் திங்கட்கிழமை.

அவள் சும்மா சொல்லவில்லை. வார்டு சுகாதார ஆபீசில் 'அரவணைப்பு' என்று ஒரு திட்டம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் வீட்டுக்கே வாரத்தில் இரண்டு நாள் நர்ஸ் வந்து, புண்ணைக் கழுவிக் கட்டி, மூத்திர டியூபை மாற்றிவிட்டுப் போவார். குப்பத்தில் அப்படிப் பன்னிரண்டு வீடு. நர்ஸைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவதும், பிரஷர் பார்த்து எழுதிவைப்பதும் ஏஞ்சலின் வேலை. சாந்தோமில் பிறந்து இந்தக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு, கழுத்தில் சிலுவை போட்ட பெண்ணுக்கு, ஊர் இடம் கொடுத்ததே இந்த வேலையால்தான். மூன்று மாதமாக நர்ஸ் வரவில்லை. ஏஞ்சல் தானே உப்புத் தண்ணீர் காய்ச்சி மாமாவின் முதுகைக் கழுவினாள். அழுகின சதையை வெட்டியெடுக்க அவளுக்குத் தெரியுமா, பாவம்? ஆபீசில் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் காமாக்ஷிக்குப் போன் போட்டபடியே இருந்தாள். "இதோ, இன்னும் ஒரு வாரம்" என்பதுதான் பதில்.

பஞ்சாயத்து ஆள் கபாலி வாசலில் வந்து நின்றார். "ஏஞ்சலு, டாக்டர் சீட்டு வேணும்மா. இல்லாங்காட்டி சுடுகாட்டுல வுடமாட்டாங்கோ. உனுக்குத் தெரிஞ்ச எடந்தானே, நீயே போய் வாங்கினு வந்துடு."

வார்டு மருத்துவமனைக்குப் பத்து நிமிஷ நடை. டாக்டர் தஹ்சீன் அங்கே மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரில் பேரைத் தட்டினார், மறுபடி தட்டினார்.

"அரவணைப்பு லிஸ்ட்ல அங்கமுத்துன்னு யாருமே இல்லையேம்மா."

"கீறாரு டாக்டர். ஒன்றரை வருசமா கீறாரு."

"இருந்திருக்கார். மார்ச் மாசமே முடிச்சிட்டாங்க. இங்க பாருங்க."

ஏஞ்சல் குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கம் உள்ள தாள். இரண்டாம் பக்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பேரும் விலாசமும் அவள் கையெழுத்து. கீழே மசி ஈஷிய இடது கட்டைவிரல் ரேகை. மாமாவுக்கு அந்தக் கை எழும்பாது, அவள்தான் விரலைப் பிடித்து அழுத்தினாள். சாட்சி என்ற இடத்தில் அவள் பேர். முதல் பக்கத்தை மட்டும் அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

'எனக்கு உடல்நிலை தேறிவிட்டது. வீட்டுப் பராமரிப்பு இனித் தேவையில்லை என்று முழு மனதுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"மத்தவங்களுது?" என்றாள்.

தஹ்சீன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பன்னிரண்டு பேரும் தேறியிருந்தார்கள். எல்லாவற்றிலும் சாட்சி ஏஞ்சல்தான்.

"திட்டத்துக்கு வர்ற பணம் பாதியாக் கொறைஞ்சிருக்கு" என்றார் தஹ்சீன். "நோயாளி இருக்கும்போது நர்ஸை எடுத்தா கேள்வி வரும். நோயாளியே வேணாம்னுட்டா வராதுல்ல. இது உங்களுக்குத் தெரியாதா?"

ஏஞ்சல் அந்த முதல் பக்கத்தை மறுபடி படித்தாள். தஹ்சீன் மேலே கேட்காமல் பையை எடுத்துக்கொண்டார். "வாங்க, நான் வந்து பாத்துட்டு எழுதித் தர்றேன்."

வண்டியில் டாக்டரின் பின்னால் உட்கார்ந்து வரும்போது ஏஞ்சலுக்கு அந்த மார்ச் மாதத்து மத்தியானம் காமாக்ஷி சொன்னது வரிவரியாக ஞாபகம் வந்தது. "புது வருஷத்துக்குப் பேர் பதியறதுதான் ஏஞ்சல். மொதல் பக்கம் பிரிண்ட் ஆகிண்டு இருக்கு, நான் ஆபீஸ்ல சேத்துக்கறேன். ரெண்டாம் பக்கத்துல ரேகை மட்டும் வாங்கிண்டு வா, இன்னிக்கே குடுக்கணும்." குப்பத்தில் லேசில் யாரும் தாளில் விரல் வைக்கமாட்டார்கள். வீடு தருகிறோம், ரோடு போடுகிறோம் என்று யார் யாரோ வாங்கிப்போன ரேகைகள் பிற்பாடு கரையைவிட்டே கிளப்பப் பார்த்த கதை அவர்களுக்கு உண்டு. எந்தத் தாளானாலும் முதலில் பஞ்சாயத்துக்குப் போகும், கபாலி உரக்கப் படிப்பார், பிறகுதான் விரல். ஏஞ்சல் கொண்டுவந்த தாளை மட்டும் யாரும் படிக்கச் சொல்லவில்லை. நம்ம மருமகள்தானே என்று அங்கமுத்து முதலில் கையைக் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்ற பதினொரு வீடும் கொடுத்தது. அட கடவுளே, ஒரு வரி, ஒரே ஒரு வரி கேட்டிருக்கக்கூடாதா அவள்!

தஹ்சீன் பிணத்தைப் புரட்டி முதுகைப் பார்த்தார். சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

பதினொரு மணிக்குக் காமாக்ஷி ரோஜாமாலையோடு வந்தாள். காலில் போட்டுவிட்டு, தேசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை நிஜமாகத்தான் இருந்தது. ஏஞ்சல் அவளை வலைக்குவியலின் மறைவுக்குக் கூட்டிப்போனாள்.

"என்ன சொல்றதுன்னே தெரியலைம்மா, ஏஞ்சல்."

"மொதப் பக்கத்துல இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லிக்கலாமே, மேடம்."

மூன்று வருஷமாக 'அக்கா'. அந்த 'மேடத்தில்' காமாக்ஷிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மேல இருந்து சொன்னா. பணம் வராதுன்னுட்டா. பன்னெண்டு தாள் கொண்டு வரலைன்னா என்னையும் வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பா. நானும் காண்ட்ராக்ட்தான், தெரியுமோல்லியோ?"

"எங்கிட்ட சொல்லிருந்தா நான் எங்க மாமாவ மார்ச்சுலயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருப்பேன். வெள்ளிக்கெழம கூட திங்கக்கெழம வருவாங்கன்னீங்களே. எந்த நர்ஸு? யாரு வர்றதா இருந்துச்சு?"

காமாக்ஷி கடலைப் பார்த்தாள். "இல்லைன்னு சொல்ல வாய் வரலைம்மா."

இவளை நம்பித்தானே ஆட்டோவைத் திருப்பி அனுப்பினாள் ஏஞ்சல்! அக்கா அக்கா என்று இவள் வீட்டு விசேஷத்துக்கு மேற்கு மாம்பலம்வரை ரயிலேறிப் போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுத்தாளே!

காமாக்ஷி குரலைத் தாழ்த்தினாள். "இங்க யார்கிட்டயும் இதைச் சொல்லிண்டு இருக்காதே. சாட்சின்னு உன் பேர்தான் இருக்கு. எனக்காகச் சொல்லலை ஏஞ்சல், உனக்காகத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டு, ரோடு பக்கமாக ஆட்டோ பிடிக்க நடந்தாள்.

வீட்டு வாசலில் பிணத்தைக் குளிப்பாட்ட வெளியே கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வரிசையாக எண்ணெயும் சீயக்காயும் தலையில் வைக்கிற நேரம். தேசம்மா எண்ணெய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ராகம் இழுத்து அழுதுகொண்டிருந்தாள்.

"பெத்த பொண்ணு இல்லியேன்னு நீ ஏங்கலியே என் ராசா... வந்த மருமவ உன்ன வாரி எடுத்தாளே... பீ மூத்தரம் பாக்காம புள்ளையாட்டம் காத்தாளே..."

அத்தனை பேர் நடுவில் ஏஞ்சலுக்கு உடம்பு கூசியது. வாயை மூடிக்கொண்டால் இந்தப் பாட்டு இப்படியே நிற்கும். அவள் நல்ல மருமகளாகவே இந்தக் குப்பத்தில் காலம் தள்ளலாம். தனபாக்கியம் பக்கத்தில் நகர்ந்து வந்து காதோடு கேட்டாள். அவள் புருஷனும் இடுப்பு உடைந்து படுக்கையில் கிடப்பவர்.

"இந்த நேரத்துல கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காத, ஏஞ்சலு. இன்னிக்கி திங்கக்கெழமயாச்சே, நர்ஸு வந்துருவாங்களா? எங்க ஆளுக்கு டியூபு மாத்தி மூணு மாசமாவுது. ராவெல்லாம் ஜொரம்."

வருவார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. காமாக்ஷிக்கும் இப்படித்தான் வந்திருக்கும் போல.

"வரமாட்டாங்கக்கா."

"நாளிக்கா?"

"எப்பவும் வரமாட்டாங்க." ஏஞ்சல் எழுந்து நின்றாள். குரல் தானாக உயர்ந்தது. "நான் உங்ககிட்டல்லாம் ரேகை வாங்கினு போனேனே, அதுல ஒடம்பு தேறிடுச்சு, நர்ஸு வேணாம்னு எழுதிக்கீது. மொதப் பக்கத்த நான் பாக்கல. பாக்காமலே வாங்கிட்டேன். இன்னிக்கித்தான் தெரியும். பன்னண்டு வூட்டையும் அன்னிக்கே லிஸ்ட்லருந்து அடிச்சிட்டாங்க. மாமா வெரல நான்தான் புடிச்சு அழுத்தினேன். வெள்ளிக்கெழம ஆட்டோவ திருப்பி வுட்டதும் நான்தான். அக்கா, இங்க குந்திக்கினு இருக்காத. உங்க ஆள இப்பவே ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போ. எல்லாரும் போங்க."

தேசம்மாவின் ராகம் பாதியில் நின்றது. தனபாக்கியம் ஏஞ்சலின் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று ஏஞ்சல் காத்திருந்தாள். திட்டவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுப்பக்கம் ஓடினாள். அவள் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு இரண்டு பேர். கபாலி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, "ஆட்டோ இட்டுக்கினு வாங்கடா, நாலஞ்சு ஆட்டோ" என்று கத்தினார். சூர்யா படகு ஓரத்திலிருந்து எழுந்து ரோட்டைப் பார்த்து நடந்தான். போகிற வழியில் ஏஞ்சலைத் தாண்டித்தான் போனான்.

வாசலில் மிஞ்சிய பெண்கள் நாலைந்து பேர்தான். யாரோ ஒரு கிழவி, "நேரமாவுது, எண்ண வைங்கடி" என்றாள்.

மருமகள் முறைதான் முதல். ஏஞ்சல் மாமாவின் தலைமாட்டில் வந்து குனிந்து கையை நீட்டினாள். தேசம்மா கிண்ணத்தை எடுத்தாள். நீட்டிய கைக்கு நேரே கொண்டுவந்தாள். அங்கே சற்று நிறுத்தினாள். பிறகு ஏஞ்சலைத் தாண்டி, அடுத்து நின்ற தன் ஓரகத்தியின் கையில் கொடுத்தாள்.

ஓரகத்தி எண்ணெய் வைத்தாள். அவளுக்கு அடுத்தவள் வைத்தாள். கிண்ணம் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. ஏஞ்சல் நீட்டிய கையை மடக்கவில்லை. காற்றில் மாமாவின் முழங்காலுக்கு மேல் வேட்டி விலகியிருந்தது. அதை இழுத்து, கணுக்கால்வரை மூடி, பறக்காமல் இரண்டு பக்கமும் செருகிவிட்டாள்.