தையல்காரரின் தியானம்

"கடைசியா அவர் அசைஞ்சதை யாராவது பாத்தீங்களா?" என்று டாக்டர் மறுபடியும் கேட்டார். பேனாவைத் திறந்து வைத்திருந்தார். படிவத்தில் நேரம் எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

தியான இல்லத்தின் அலுவலக அறையில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு இறந்தவரைக் கிடத்தியிருந்தார்கள். மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தகவல் கேட்டு இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்த மகன் உட்காரவில்லை.

"யார் பாப்பாங்க டாக்டர்? எல்லாரும்தான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாங்களே" என்றான்.

"பத்து மணிக்கு மௌன ஜெபம்" என்றார் ஃபாதர். "ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். பதினொன்றரைக்கு மணி அடிச்சதும் எல்லாரும் எழுந்தாங்க. இவர் எழுந்திரிக்கல."

"அப்புறம்?"

ஃபாதர் கதவோரம் நின்ற இளம் சிஸ்டரைப் பார்த்தார்.

"பக்கத்துல இருந்தவர் இவர் தோளைத் தொடப் போனார். நான்தான் வேண்டாம்னு கை காட்டினேன். ஆழ்ந்த ஜெபத்துல இருக்கார்னு நினைச்சிட்டேன். சாப்பாட்டை மூடி வெச்சிட்டு ஒரு மணிக்குப் போய்..."

"செத்தவரைப் பாத்து ஜெபம் பண்றார்னு நினைச்சீங்களா? எங்கப்பாவைத் தெரியுமா உங்களுக்கு? ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டார்."

அது உண்மைதான். நாற்பத்திரண்டு வருடம் தையல் மிஷின் மிதித்த கால். மிஷினை விற்ற பிறகும் அது நிற்கவில்லை. சாப்பிடும்போது மிதிக்கும், டிவி பார்க்கும்போது மிதிக்கும். படுத்தால் கட்டில் முனகும்.

"இந்நேரத்துல யாருக்குத் தைக்கிறீங்க?" என்பாள் மனைவி.

"உன் வாய்க்கு ஒரு பட்டன் வைக்கிறேன், பேசாம படு."

இங்கே கூட்டி வந்தது அவள் பிடிவாதம். "சும்மா இருக்கறதுக்கு பஸ் ஏறிப் போகணுமா? வீட்லயே இருக்கலாமே" என்று பஸ் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீட்ல என்னைக்குச் சும்மா இருந்திருக்கீங்க?"

முதல் நாள் முழுக்க எதிர் வரிசையில் அவர் நாற்காலி கிரீச் கிரீச் என்றது. அவள் கண்ணை மூடியபடியே வெட்கப்பட்டாள்.

"நான் இதைச் சும்மா விடப் போறதில்ல" என்றான் மகன். "புகார் குடுக்கப் போறேன். கை காட்டித் தடுத்தேன்னு இவங்க வாயாலயே சொல்றாங்க. நீயும் எழுதிக் குடுக்கணும்மா."

சிஸ்டர் தலையை நிமிர்த்தவில்லை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

இன்று காலை கிரீச் சத்தம் நின்றபோது மனைவி கண்ணைத் திறந்து பார்த்தாள். முழங்கால்கள் சேர்ந்திருந்தன. கைகள் மடியில். தலை லேசாகக் குனிந்திருந்தது. கல்யாணப் போட்டோவில்கூட அவர் அத்தனை அடக்கமாக இருந்ததில்லை. இதை நாலு பேர் பார்த்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்தாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார் பார்ப்போம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டாள். மணி அடித்ததும் அவரைக் கலைக்காமல் மெதுவாக வெளியே நடந்தாள். நன்றாகவே சாப்பிட்டாள். குழம்பு இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டாள்.

"பத்து இருபது" என்றாள் இப்போது.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னம்மா?"

"பத்து இருபதுக்கு நின்னுச்சு. எழுதிக்கோங்க டாக்டர்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். கடிகாரத்தையும் பாத்தேன்."

"அப்ப ஏம்மா எழுப்பல?"

"எழுப்பினா மறுபடி ஆரம்பிச்சிடுவாரேன்னு."

மகன் டாக்டர் பக்கம் திரும்பினான். "அப்பவே பாத்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். கட்டத்தை நிரப்பினார்.

மகன் கார் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு வரேன்" என்று யாரையும் பார்க்காமல் வெளியே போனான். புகாரைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.

சிஸ்டர் அவளருகே வந்தாள். "ஆன்ட்டி, கொஞ்சம் தண்ணியாவது..."

"வேண்டாம்மா. நாலரை ஆயிடுச்சே, உங்க ஜெபத்துக்கு மணி அடிக்க வேண்டாமா? போ."

சிறிது நேரத்தில் மணி ஒலித்தது. ஜன்னல் வழியாக முற்றத்துக்கு அப்பால் ஜெப ஹால் தெரிந்தது. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் எதிர்ப்பக்கமும் வந்து உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்கள். இரண்டாவது வரிசையில் நீல ஸ்வெட்டர் போட்ட பெண் கண்ணைத் திறந்து எதிரே இருந்த தன் கணவரைப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.