பெரியப்பா என்று கூப்பிடாத பிள்ளை

வீரலட்சுமிக்குச் சந்தேகம் தட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது. கூடத்தில் அவள் புருஷன் பாண்டித்துரை இலங்கைக்கு வீடியோ போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். போனிலிருந்து ஒரு சின்னக் குரல், "மாமா, எப்ப வருவீங்க?" என்று கேட்டது.

அவள் கை அப்படியே நின்றது. அந்த வீட்டில் பாண்டித்துரையை மாமா என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். தாலி ஏறிய நாளிலிருந்து அவன் அவளுக்கு மாமா. போனில் பேசிய நிலாவுக்கு அவன் பெரியப்பன் அல்லவா? பெரியப்பன் என்பதால்தானே பிள்ளையைத் தத்தெடுக்கிறார்கள்?

கதை இதுதான். பாண்டித்துரையின் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு போடிக்குத் திரும்பி வந்தவர். அவருடைய தம்பி அங்கேயே தங்கிவிட்டார். அந்தத் தம்பியின் பேரன் வினோத்குமார், பாண்டித்துரைக்குத் தம்பி முறை. போன மழையில் மலை சரிந்து, தோட்டத்து லயத்தில் வரிசையாக இருந்த வீடுகளை மண் மூடிவிட்டது. வினோத்குமாரும் அவன் பெண்டாட்டியும், பக்கத்து வீட்டிலிருந்த அவன் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் போய்விட்டார்கள். வினோத்குமாரின் ஆறு வயது மகள் நிலா அன்றைக்கு வேறு தோட்டத்தில் அத்தை பொன்னுமணி வீட்டில் இருந்ததால் தப்பினாள். பொன்னுமணிக்கே நாலு பிள்ளைகள், ஒரே அறை. நம்ம ரத்தம், நாம எடுத்து வளர்க்கலாம் என்று பாண்டித்துரை சொன்னபோது வீரலட்சுமி மறுபேச்சுப் பேசவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டால்கூட இவள் தலை தானாகத் திரும்பும். அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஏங்கிய ஏக்கம் தெருவுக்கே தெரியும்.

இரண்டு நாட்டு அரசாங்கமும் கேட்டதையெல்லாம் கொடுத்தாயிற்று. பின்னறைக்கு வெளிர்பச்சை அடித்து, கட்டில் போட்டு, கொசுவலையும் மாட்டியாயிற்று. பாக்கி இருந்தது ஒன்றுதான். வியாழக்கிழமை தேனியிலிருந்து அதிகாரி அம்மா வருவார். புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியாக உட்கார வைத்து, உங்களுக்கு மனசாரச் சம்மதமா என்று கேட்பார். ஒருத்தர் இல்லை என்றாலும் எல்லாம் நின்றுபோகும்.

இந்த நேரத்தில்தான் மாமா என்ற சொல் அவள் காதில் விழுந்தது.

வீரலட்சுமி சாதாரணமாகவே எதையும் லேசில் நம்பமாட்டாள். மூட்டை அடுக்கி வைக்கிற ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பார்த்துப் பொறுக்குகிற வேலை. நல்ல பச்சையாகப் பளபளவென்று ஒரு மூட்டை வந்து இறங்கினால் மற்றப் பெண்கள் ஆகா என்பார்கள். இவள் மட்டும் விரலை எச்சிலில் நனைத்து ஒரு காயைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். வீட்டிலும் அதே விரல்தான். ஜீப்பு ஓட்டுகிற புருஷன் போடிமெட்டிலிருந்து அரைமணி நேரம் பிந்தி வந்தால், எந்த வளைவில் நின்றாய், யாரை இறக்கிவிட்டாய் என்று கேட்காமல் சோறு போடமாட்டாள்.

அப்படிப்பட்டவள் மாமாவைச் சும்மா விடுவாளா? உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தாள். அவர்கள் பக்கத்தில் தாயோடு பழகுகிற ஆம்பளை ஒருத்தன் வீட்டுக்கு வந்துபோனால், பிள்ளைகளிடம் அவனை மாமா என்று கூப்பிடச் சொல்லித்தான் பழக்குவார்கள். அப்பன் என்று சொல்ல முடியாதவனுக்கு மாமா என்றுதான் பெயர். ஏழு வருஷத்துக்கு முன்னால் வினோத்குமார் கல்யாணத்துக்கென்று பாண்டித்துரை இலங்கை போனான். ஒரு வாரம் என்று போனவன் ஒரு மாசம் கழித்து வந்தான். வரும்போது போனைத் தொலைத்துவிட்டு வந்தான். கல்யாணப் படம் ஒன்றுகூட இவள் கண்ணில் படவில்லை. அப்புறம் ஒரு வருஷத்துக்குள் இந்தப் பிள்ளை பிறந்திருக்கிறது. பிள்ளையின் புருவம் வேறு, நடுவில் சேர்ந்து, பாண்டித்துரையின் புருவத்தை உரித்து வைத்திருக்கிறது. பங்காளி ரத்தம் என்று இத்தனை நாளும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள், இப்போது அதே புருவத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்து வயிறு எரிந்தாள்.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். "அது என்ன மாமா, அந்தப் பிள்ள ஒன்னைய மாமாங்குது?"

பாண்டித்துரை பிசைந்த சோற்றை மறுபடியும் பிசைந்தான். பிள்ளைதானே, எதையாவது கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றான். பிறகு மீனில் உப்புக் குறைச்சல் என்றான். மீனில் உப்புச் சரியாகத்தான் இருந்தது. அவன் எதையோ மறைக்கிறான் என்று அவளுக்கு அந்த நிமிஷமே உறுதியாகிவிட்டது.

மறுநாள் கிட்டங்கிக்கு லீவு சொல்லிவிட்டு ராசிங்காபுரத்துக்கு பஸ்சு ஏறினாள். அங்கே மொக்கச்சாமி இருந்தான். பாண்டித்துரைக்குப் பங்காளி, அப்போது கூடவே இலங்கை போனவன். தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான், பக்கத்தில் அவன் பெண்டாட்டி. ஒரு வாரத்துக்குப் போன ஆட்கள் ஒரு மாசம் எதற்கு அங்கே இருந்தீர்கள் என்று வீரலட்சுமி நேராகவே கேட்டாள். மொக்கச்சாமி தன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான், மண்வெட்டியைப் பார்த்தான். அது பழைய கதை, உன் புருஷனிடமே கேள் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் உடைத்துக்கொண்டதென்று வாய்க்கால் பக்கம் ஓடினான். வாய்க்கால் ஒன்றும் உடையவில்லை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு மறைக்கிறார்கள், மறைப்பதற்கு விஷயம் இருக்கிறது என்று வழியெல்லாம் புழுங்கிக்கொண்டே அவள் ஊர் திரும்பினாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பின்னறைக்குள் போகவில்லை. இவன் ஊர் மேய்ந்து பெற்ற பிள்ளைக்கா நான் சுவருக்குப் பச்சை அடித்தேன் என்று நினைத்து அழுதாள். இத்தனை வருஷம் என்னை மலடி என்று ஊர் சொல்லக் கேட்டுக்கொண்டு, தன்னிடம் குறையில்லை என்று தெரிந்து மனசுக்குள் சிரித்திருப்பானோ என்று நினைத்தபோது அழுகை நின்று கோபம் வந்தது. வியாழக்கிழமை அதிகாரி அம்மா கேட்கட்டும், எனக்கு இஷ்டமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். பிள்ளை என்ன பாவம் செய்தது என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதை அதட்டி உட்கார வைத்தாள்.

ஆனாலும் சந்தேகத்தை நிரூபிக்காமல் விட அவளுக்கு மனசில்லை. புதன்கிழமை மத்தியானம், பாண்டித்துரை தோட்டத்து ஆட்களை ஏற்றிவர மலைக்குப் போயிருந்த நேரம், பொன்னுமணிக்கு அவளே போன் போட்டாள். பிள்ளையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று தேனாகப் பேசினாள். பொன்னுமணி போனை நிலாவிடம் கொடுத்துவிட்டுத் துணி அலசப் போனாள். முன்பல் விழுந்த வாயோடு நிலா திரையில் வந்து உட்கார்ந்தது.

சாப்பிட்டாயா, பள்ளிக்கூடம் போனாயா என்று இரண்டு கேள்வி ஒப்புக்குக் கேட்டுவிட்டு வீரலட்சுமி விஷயத்துக்கு வந்தாள். "அவர மாமான்னு கூப்பிடச் சொல்லி ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? ஒங்கம்மாவா?"

நிலா இல்லையென்று தலையாட்டியது. யாரும் சொல்லவில்லை, அத்தை பெரியப்பா என்றுதான் கூப்பிடச் சொல்கிறது, நான்தான் கூப்பிடமாட்டேன் என்றது.

"ஏன் கூப்பிட மாட்ட?"

பிள்ளை திரும்பி, அத்தை பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்த்தது. பிறகு போனை வாய்க்கு வெகு கிட்டத்தில் கொண்டுவந்தது. திரையில் அந்தப் பொக்கை வாய் மட்டும் தெரிந்தது.

"அப்பான்னு கூப்பிட்டா மண்ணு வந்துரும்" என்றது நிலா. "அப்பா, சித்தப்பா, அம்மா, சின்னம்மா எல்லாரும் மண்ணுக்குள்ள போயிட்டாங்க. மாமாவும் அத்தையும் மட்டும் போகல."

செத்துப்போன தாயின் ஒழுக்கத்தை அவள் பிள்ளையிடமே துருவித் துருவிக் கேட்ட தன்னைச் செருப்பால் அடிக்கலாம்போல் வீரலட்சுமிக்கு இருந்தது. அந்தப் பிள்ளை யாரைக் கூப்பிட்டால் சாவார்கள், யாரைக் கூப்பிட்டால் சாகமாட்டார்கள் என்று உறவு முறையையெல்லாம் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இவள் இங்கே புருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பிள்ளை இவளைச் சந்தேகமாகப் பார்த்தது. "நீங்க பெரியம்மாவா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் போயிற்று. பெரியம்மாவில் ஓர் அம்மா இருக்கிறது. நாளாக நாளாகப் பெரிய என்பது உதிர்ந்து அம்மா மட்டும் நிற்கும் என்று அவள் எத்தனை நாள் ஆசையாக நினைத்திருக்கிறாள்.

"இல்லத்தா" என்றாள் வீரலட்சுமி. "நான் ஒனக்கு அத்த. மாமா பொண்டாட்டி அத்ததான?"

நிலா தலையாட்டியது. அப்படியென்றால் சரி என்று சொல்லிவிட்டு, அங்கே வந்தால் கொசு கடிக்குமா என்று கேட்டது. வீரலட்சுமி போனோடு பின்னறைக்குள் போய், மாட்டியிருந்த வலையைக் காட்டினாள்.

சாயங்காலம் பாண்டித்துரை ஜீப்பை நிறுத்திவிட்டு வந்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவனுக்கு அது முதலிலேயே தெரியும். பிள்ளை அப்பா, அம்மா என்ற சொல்லையே தொடமாட்டேன் என்கிறது என்று பொன்னுமணி எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் மாமா மறைச்ச?"

"அந்த ஒத்தச் சொல்லுக்குத்தான நீ இம்புட்டுக் காலம் ஏங்குன" என்றான் பாண்டித்துரை. "அது வராதுன்னு ஒங்கிட்ட எப்புடிச் சொல்ல? வந்து பழகுனா மாறிரும்னு நெனச்சேன்."

தான் நினைத்ததையெல்லாம் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, ராசிங்காபுரத்திலிருந்து திங்கட்கிழமையே போன் வந்துவிட்டது என்றான். கல்யாணத்தன்றைக்கு மொக்கச்சாமி மூக்கு முட்டக் குடித்துவிட்டுத் தேயிலைச் சரிவில் உருண்டு காலை முறித்துக்கொண்டானாம். ஒரு மாசம் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துக்கொண்டது பாண்டித்துரை. பாண்டித்துரையின் போன் தொலைந்ததும் அந்தச் சரிவில்தான். படிக்கட்டில் வழுக்கி விழுந்தான் என்றுதான் மொக்கச்சாமி பெண்டாட்டி இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். வீரலட்சுமி சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. ஆனாலும் மொக்கச்சாமிக்கு எந்தக் கால் முறிந்தது என்று கேட்காமல் விடவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி அம்மா வந்தார். பின்னறையைப் பார்த்தார், தண்ணீர் எடுத்துக் குடித்தார், வீரலட்சுமியைத் தனியாக உட்கார வைத்துச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றாள். பாப்பா உங்களை எப்படிக் கூப்பிடும் என்று அடுத்துக் கேட்டார்.

"அத்தன்னு கூப்பிடும் மேடம்."

அதிகாரி அம்மா நிமிர்ந்து பார்த்தார். அம்மாவாகப் போகிறவளை அத்தை என்றால் ஊரில் என்ன நினைப்பார்கள், மருமகளையா தத்தெடுத்தீர்கள் என்று சிரிக்கமாட்டார்களா என்று கேட்டார். உங்களோடு பிள்ளை ஒட்டவில்லையோ என்று அவர் குரலிலும் ஒரு சந்தேகம் இருந்தது. வீரலட்சுமிக்கு அந்தக் குரல் நன்றாகவே பழக்கம்.

"அம்மான்னு கூப்பிட்டா நான் செத்துருவேன்னு பயப்படுது மேடம்" என்றாள் அவள். "என்னைய உசுரோட வச்சுக்கிறதுக்குத்தான் அத்தங்குது. பெத்த பிள்ளகூட இம்புட்டு நெனைக்குமா?"